தைராய்டுக்கு நன்றி

ஜூன் 9, திங்கள். வலி: 7

டாக்டர் அம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. நடுவில் ஓர் எண்ணைப் போட்டு, அன்றைக்கு என்ன செய்தேன் என்று இரண்டு வரி எழுத வேண்டுமாம். இரண்டு வரியில் அடங்குகிற குடும்பமா என்னுடையது? எண்ணை மட்டும் அவர் கொடுத்த அட்டையில் எழுதிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் இந்த நோட்டில். போன வருஷத்து வேதியியல் நோட்டு. பாதிக்கு மேல் காலி. பள்ளிக்கு ஒழுங்காகப் போயிருந்தால் நிரம்பியிருக்கும்.

அட்டையில் ஒரு மனித பொம்மை வரைந்திருந்தது. வலிக்கிற இடத்தையெல்லாம் பேனாவால் அடிக்கச் சொன்னார்கள். குதிகால், மூட்டு, இடுப்பு, முதுகு, தோள் என்று அடித்துக்கொண்டே போனேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மூக்க உட்டுட்டியே அம்மிணி" என்றார். டாக்டர் அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அப்பா செந்நியப்பன், கோபி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான், மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது. காய்ச்சலா, ஓடு. மலச்சிக்கலா, ஓடு. பத்தாம் வகுப்பு தொடங்கியபோது ஆரம்பித்த வலி, இப்போது பிளஸ் டூ. இரண்டு வருஷமாக அவர் என்னை ஓடச் சொல்கிறார், நான் உட்கார்ந்தே இருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என் கதை என்று சித்தப்பா வீட்டு விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இன்றைக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, விட்டமின் என்று நாலைந்து. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டதற்கு அம்மா ஒன்றுமில்லை என்றாள்.

எனக்கு ரத்தத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பெரிதாக வேண்டாம், சாகிற அளவுக்கெல்லாம் வேண்டாம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து வாயை மூடிக்கொள்கிற மாதிரி ஓர் எண் போதும்.

ஜூன் 11, புதன். வலி: 8

கமலவேணி அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. எது நடந்தாலும் அதை முன்பே சொல்லியிருப்பவள். என் வலிக்கு இதுவரை அவள் கண்டுபிடித்த காரணங்கள்: கண்திருஷ்டி, செல்போன், குப்புறப் படுப்பது, ஈரத்தலையோடு தூங்குவது, அம்மாவின் வளர்ப்பு. கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணிப்பாள், அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும்படியாக.

என் சடையைப் பிடித்து எடை பார்த்தாள். முடி கொட்டுகிற பெண்ணுக்கு எந்த வீட்டில் தாம்பூலம் மாற்றுவார்கள் என்று கவலைப்பட்டாள். எனக்குப் பதினேழு வயதாகிறது, கக்கூஸுக்கு நடந்து போவதே ஒரு பயணமாக இருக்கிறது, இவளுக்குத் தாம்பூலம். அதற்காகத்தான் சித்திரையில் தன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மிட்டாய் பாட்டில்கள் மூன்றை எனக்குக் கொடுத்திருக்கிறாள். ஸ்ட்ராபெரி வாசனை, கரடிக்குட்டி உருவம், தின்றால் முடி வளருமாம். அம்மா அதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். அப்பா பார்த்தால், ஓடுகிற பிள்ளைக்கு எதற்குச் சடை என்று ஆரம்பித்து, கிராப் வெட்டுவதில் போய் நிற்பார். தினம் இரண்டு கரடி என்பது அம்மாவின் கணக்கு. என் கணக்கு ஆறு. இந்த வீட்டில் தித்திப்பாக இருப்பது அது ஒன்றுதான்.

ஜூன் 14, சனி. வலி: 7

துணி மடித்தேன். எட்டுத் துணி. சாதனை.

ஜூன் 16, திங்கள். வலி: 5

வந்துவிட்டது.

ரிப்போர்ட் அப்பாவின் போனுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பதினெட்டு வருஷ வேலையில் நடுவில் வீட்டுக்கு வந்தது இல்லை, நான் பிறந்தபோதுகூட மாவட்டப் போட்டி முடித்துவிட்டுத்தான் வந்தாராம். கட்டிலருகே நின்று கண்ணாடியை மாட்டினார். டி.எஸ்.எச். என்ற இடத்தில் இருக்க வேண்டிய அளவு ஒன்று, எனக்கு இருப்பது வேறொன்று, ஏறக்குறைய பூஜ்யம். கொட்டை எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாராம், அந்த எண் இப்படி இறங்கினால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம், சனிக்கிழமை கூட்டி வாருங்கள் என்றார்களாம்.

"அப்ப நெசமாலுமே இருக்குதா அம்மிணி?" என்றார்.

ஆமாம் என்றேன். சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடலாம் போல இருந்தது. வியாதி வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் இந்தக் கோபிச்செட்டிபாளையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தைராய்டே, உனக்கு நன்றி. நீ எங்கே இருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் கண்ணாடியில் பார்த்துக் கழுத்தைத் தடவினேன்.

ஜூன் 18, புதன். வலி: 4

இந்த வீட்டில் நடப்பதை எழுதாவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன். அப்பா சுடுதண்ணீர்ப் பை வாங்கி வந்தார். என் பள்ளிக்குப் போய், மாடியில் இருக்கும் வகுப்பைக் கீழே மாற்றித் தரும்படி பிரின்ஸிபாலிடம் கேட்டார். மாலையில் என் காலைப் பிடித்துவிட்டார். விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சுளுக்கு எடுத்துப் பழகிய கை, அழுத்தம் அவருக்குத் தெரிகிறது. இரண்டு வருஷமாக இந்தக் கை எங்கே போயிருந்தது?

அத்தை போனில், "அப்பவே சொன்னனே, கழுத்துல என்னமோ இருக்குதுன்னு" என்றாளாம்.

ஜூன் 21, சனி. வலி: 6

டாக்டர் அம்மாவுக்கு என்ன கோளாறோ. நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேலே ஒரு தாளை வைத்தார். நடுங்க வேண்டுமாம், நடுங்கவில்லை. நாடித் துடிப்பு குதிரை மாதிரி ஓட வேண்டுமாம், அதுவும் சாதுவாக நடந்தது. எடை குறைந்திருக்க வேண்டுமாம், இரண்டு கிலோ கூடியிருந்தது.

"ரிப்போர்ட்டும் பொண்ணும் ஒத்து வரலையே" என்றார். பிறகு, மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "முடிக்கு, நகத்துக்குன்னு விட்டமின் ஏதாவது சாப்பிடறியா மிருதுளா? அமெரிக்காவுல இருந்து எல்லாம் கொண்டாந்து தர்றாங்களே, மிட்டாய் மாதிரி. அது உடம்பை ஒண்ணும் பண்ணாது. ஆனா இந்த ரத்தப் பரிசோதனையை ஏமாத்திடும். தைராய்டு நல்லா இருந்தாலும் கெட்டுப்போன மாதிரி காட்டும்."

அம்மா முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இல்லை என்றேன்.

இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். காலையில் கிளம்பும்போது தின்ற கரடிகள் ஆறும் அந்தக் குழாய்க்குள் போயின.

ஜூன் 23, திங்கள். வலி: 4

இரண்டாவது ரிப்போர்ட்டும் அதேதான். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டுமாம், இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுமாம். அப்பா அதைத் தன் விளையாட்டு நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். அடுத்த பரிசோதனை ஜூலை 12.

சமையலறையில் அம்மா என் கையைப் பிடித்தாள். வேண்டாம்டி, இல்லாத வியாதிக்கு மருந்து தின்னாதே, சொல்லிவிடலாம் என்றாள். சொல்லேன் என்றேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது யார், ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லு என்றேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பயந்தே இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள், என்னிடமும் பயப்பட வேண்டியதாகிவிட்டது. பாவம்தான். அவளுக்காவது யாரும் நடிக்கிறாய் என்று பட்டம் கட்டவில்லை.

ஜூன் 25, புதன். வலி: 3

பாட்டில் இடம் மாறியிருந்தது. அரிசிப் பீப்பாய்க்கு அடியில். அம்மாவுக்கு ஒளிக்கவும் தெரியவில்லை, எறியவும் மனசு வரவில்லை. இன்றைக்கும் ஆறு. ஜூலை 12 வரைக்கும் தாராளமாக வரும்.

ஜூன் 26, வியாழன். வலி: 3

பள்ளிக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் போய்விட்டேன். அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிறார், பையை வகுப்பு வரைக்கும் அவரே தூக்கி வருகிறார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் இளஞ்சிவப்புப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு பி.டி. வாத்தியார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் டம்ளரோடு வந்து உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டுகிறார். நான் விழுங்கும்வரை நிற்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு. வலி: 7

இந்த நாளை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அம்மா மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்தாள். அப்பா ஷூக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் பாயில் படுத்திருந்தேன். துடைத்துக்கொண்டே பேசினார். அவர் பள்ளியில் எட்டாவது படிக்கும் ஒரு பெண், பிரேயருக்குப் பிறகு ஓடும்போது கால் வலிக்கிறது என்று நிற்பாளாம். அவளை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினாராம். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் காட்டினாயா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பயந்துபோய், இனிமேல் ஓடுகிறேன் சார் என்று அழுதிருக்கிறாள்.

துடைத்த ஷூவைக் கீழே வைத்தார்.

"உன்னையும் அப்படித்தான் பண்ணிப்போட்டேன். ரெண்டு வருசமா நீ நடிக்கறேன்னே நெனச்சேன். அந்தக் காயிதம் மட்டும் வர்லீன்னா இன்னும் நம்பியிருக்க மாட்டேன் அம்மிணி. தப்பு எம்மேலதான்."

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கிரிக்கெட் பந்து பட்டு எதிர்வீட்டு ஜன்னல் உடைந்தபோதுகூட, ஜன்னலை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்டவர். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் கேட்கிறார். நான் எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன். கேட்டதும் நெஞ்சு நிறைய வேண்டும், ஆனால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காகிதம் வந்ததால் நம்பினாராம். எழுநூறு நாள் நான் வாயால் சொன்னேன். கத்திச் சொன்னேன், அழுது சொன்னேன், சாப்பிடாமல் கிடந்து சொன்னேன். அதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு மெஷின் ஓர் எண்ணைத் துப்பியது, அதை நம்பினார். அதுவும் கரடிக்குட்டி துப்பிய எண். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் லேப்பில் வந்தால்தான் தெரியும்.

ஜூன் 30, திங்கள். வலி: 8

கரடி தின்னவில்லை.

ஜூலை 2, புதன். வலி: 8

காலை ஆறு மணி. டம்ளர், உள்ளங்கை, மாத்திரை.

கையை நீட்டவில்லை. என்னாச்சு, தொண்டை வலிக்கிறதா, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பதறிவிட்டார். அந்தப் பதற்றம்தான் என்னைப் பேசவைத்தது, நல்ல குணம் ஒன்றும் இல்லை. இத்தனை பதற்றத்தையும் ஒரு பொய்யான எண்ணுக்குச் செலவழிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

"அந்த ரிப்போர்ட்டு பொய்ப்பா" என்றேன். கரடிகளைப் பற்றிச் சொன்னேன். தினம் ஆறு தின்றதை, டாக்டர் அம்மா கேட்டபோது இல்லை என்றதை, அதற்குப் பிறகும் தெரிந்தே தின்றதை. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளே, நான்தானுங்க ஒளிச்சு வெச்சேன் என்றாள். இருபது வருஷத்தில் அவள் அப்பாவிடம் சொன்ன முதல் தைரியமான வாக்கியம் அதுவாக இருக்கும்.

அப்பாவின் கையில் மாத்திரை அப்படியே இருந்தது. "அப்ப வலியும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"வலி நெசம்" என்றேன்.

மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இருப்பதை மறைக்காமல் சொன்னார். கரடி, மாத்திரை இரண்டையும் நிறுத்த வேண்டும், பத்து நாள் கழித்து அதே பன்னிரண்டாம் தேதி ரத்தம் எடுக்கலாம் என்றார்களாம். வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். நான் ஆட்டோவில்தான் போயிருக்க வேண்டும். ஆட்டோவிலும் போகாமல் வீட்டிலேயே படுத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி. வலி: 8

அப்பா யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். அதைச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

அத்தைக்குச் செய்தி போய் நேரிலேயே வந்துவிட்டாள். மிட்டாய் தின்றால் ரத்தம் மாறுமா, டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். கொஞ்ச நேரத்தில், அப்படியானால் இவளுக்கு ஒரு வியாதியும் இல்லை, பார்த்தாயா, அப்பவே சொன்னேன் என்றாள். ஒரே காப்பி டம்ளர் காலியாவதற்குள் இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டாள். அப்பா தினத்தந்தியை மடிக்காமல் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும் என்ன நடக்கப் போகிறது என்று. ரத்தம் நன்றாக இருக்கும். நார்மல் என்று கொட்டை எழுத்து இல்லாமல் சாதாரண எழுத்தில் வரும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ரெண்டு சுத்து ஓடு அம்மிணி. இந்த முறை அவர் பக்கம் சாட்சியும் இருக்கிறது. நானே பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள். என் குழியை நானே வெட்டி, மண்ணையும் நானே தள்ளிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன். வலி: 7

ஒன்றும் நடக்கவில்லை. முருங்கைக்கீரை உருவினேன்.

ஜூலை 12, சனி. வலி: 8

ரத்தம் கொடுத்தாயிற்று. ஊசி குத்திய பெண், பயமா பாப்பா என்றாள். ஊசிக்கு இல்லை என்றேன்.

ஜூலை 14, திங்கள். வலி: 6

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். தைராய்டு சுத்தமாக இருக்கிறது, எல்லாம் நார்மல் என்றார். நட்சத்திரம் எதுவும் இல்லை. முன்பு சொன்ன பொய்க்கு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்களா, மாரியாத்தா" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி வாழ்நாள் முழுக்க நான் நடிகை.

அப்பா எழுந்திருக்கவில்லை.

நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "ரத்தம் நல்லா இருக்குதுங்கறீங்க, சந்தோசம்ங்க" என்றார். "வலிக்கு என்ன பண்றதுங்க?"

எங்கே எல்லாம் வலி, எப்போது வருகிறது என்று டாக்டர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எழுந்ததும் குதிகால் தரையில் வைக்க முடியாது, பத்து நிமிஷம் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். படி ஏறினால் வலது மூட்டு, இறங்கினால் இரண்டும். உட்கார்ந்து எழுதினால் அரை மணிக்குள் முதுகு. மழை வருகிற அன்றைக்கு முந்தின நாளே இடுப்பு. சாயங்காலம் தோள்பட்டை, தலை வாரக் கையைத் தூக்க மாட்டாள், அதனால்தான் சடையை அவள் அம்மா போட்டுவிடுகிறாள். போன தீபாவளிக்கு முன்பு பத்து நாள் கொஞ்சம் தேவலையாக இருந்தது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். தேதி எல்லாம் வைத்திருந்தார். தீபாவளிப் பத்து நாள் எனக்கே மறந்துபோயிருந்தது.

டாக்டர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக, ஓடு ஓடு என்று விரட்டிக்கொண்டிருந்த மனிதரின் காதில் நான் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் விழுந்திருக்கிறது. அதை நினைத்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அழுதேன். ஆஸ்பத்திரியில், எல்லோர் முன்னாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சொல்லி முடித்துவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"செரியாச் சொன்னனா அம்மிணி?"

படி ஏறினால் வலிப்பது இடது மூட்டு, வலது இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.